அலங்காநல்லூருக்கு வந்த ஒரு ரூபாய்: பெருக்கிக் கணக்கு முறைகள் பற்றி

பொங்கல் முடிந்த கையோடு வருஷா வருஷம் ஒரு பேச்சு கிளம்பும். ஜல்லிக்கட்டால் மதுரைப் பக்கம் இத்தனை கோடி புழங்கியது, செலவழித்த ஒரு ரூபாய் மூணு ரூபாயாகப் பெருகியது என்பார்கள். மேடையில் சொல்வார்கள், டிவி விவாதத்தில் சொல்வார்கள், வாட்ஸப்பிலும் வந்து விழும். அந்த ‘மூணு’ எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அதே அலங்காநல்லூரில் இன்னொரு பேச்சும் உண்டு. அங்கிருக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் 2019-20 வாக்கில் அரவை நின்றது. போதிய கரும்பு வரத்து இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஆலையைத் திறக்கக் கோரி கரும்பு விவசாயிகள் பலமுறை போராடியிருக்கிறார்கள். ஆலை ஓடினால் சுத்துப்பட்டு ஊரெல்லாம் பிழைக்கும் என்பது அவர்கள் தரப்பு. ஆலை நின்று நாலைந்து வருஷத்தில், 2024 ஜனவரி 24 அன்று, பக்கத்தில் கீழக்கரையில் சுமார் 63 கோடி ரூபாயில் கட்டிய கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. அரங்கத்துக்கு ஆதரவாகச் சொன்னதும் இதே வாதம்தான்: ஊருக்குள் காசு வரும், வந்த காசு சுத்தும்.

ஆக, ஒரே ஊரில் இரண்டு தரப்பு ஒரே கருத்தை ஆயுதமாக எடுத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பெருக்கி என்று பெயர். அந்தப் பெருக்கியை ஒரு வட்டாரத்துக்குக் கணக்கிடும் முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு. என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். முறைக்கு முறை விடை மாறுவதற்குக் கணிதம் பெரிய காரணம் இல்லை. எல்லைக்கோடு எங்கே, வந்த காசில் எவ்வளவு தங்குது, வந்தது புதுக் காசுதானா, நிலமும் தண்ணியும் ஆளும் இருக்கா என்று நாலு கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த நாலுக்கும் சத்தமில்லாமல் ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறது. நாம் சண்டை போட வேண்டியது அந்தப் பதிலோடு.

எல்லையை நகர்த்தினால்

1931-ல் ரிச்சர்ட் கான் வேலைவாய்ப்புக்கு ஒரு பெருக்கியைக் கணக்கிட்டார். 1936-ல் கெய்ன்ஸ் அதை வருமானத்துக்குக் கொண்டுபோனார். கருத்து எளிது. உங்கள் செலவு எனக்கு வருமானம். அதில் ஒரு பங்கை நான் செலவழித்தால் அது இன்னொருத்தருக்கு வருமானம். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகும். சேமிப்பாக, வரியாக, வெளியூர்ச் சரக்குக்குக் கொடுத்த விலையாக வெளியே போய்விடும். ஒரு நாட்டுக்கு இந்தக் கசிவு ஓரளவுக்குத்தான் இருக்கும். ஒரு பேரூராட்சிக்கோ, கிட்டத்தட்ட எல்லாமே கசிவுதான்.

வாடிவாசல் பக்கத்துக் கடையில் காளைப் படம் போட்ட ஒரு பனியனை நூறு ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். துணி திருப்பூர்க்காரருக்கு. அச்சடித்த கூலி மதுரை டவுனுக்கு. கடைக்காரரின் லாபம் மட்டும்தான் ஊருக்கு. அந்த லாபத்தில் அவர் வாங்கும் அரிசி, செல்போன் ரீசார்ஜ், பெட்ரோல் எல்லாமே மறுபடி வெளியே போகும் காசு.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொள்பவை; அளந்தவை அல்ல. கைக்கு வந்த ஒரு ரூபாயில் ஊருக்குள்ளேயே மறுபடி செலவாவது 20 காசு என்றால் அலங்காநல்லூரின் பெருக்கி 1.25. எல்லையை மதுரை மாவட்டமாக விரித்தால் 40 காசு தங்குகிறது என்போம். பெருக்கி 1.67 ஆகிவிடும். தமிழ்நாடு முழுக்க என்று எடுத்துக்கொண்டு 60 காசு தங்கினால் 2.5.

எல்லை பெரிதாகப் பெரிதாக எண் ஏறுகிறதல்லவா? ஆனால் அதே நேரம் இன்னொன்று இறங்குகிறது. மதுரை அண்ணா நகரிலிருந்து ஒருவர் ஜல்லிக்கட்டு பார்க்க வந்து 500 ரூபாய் செலவழித்தால் அலங்காநல்லூருக்கு அது புதுக் காசு. மதுரை மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. இங்கே வராவிட்டால் அந்த 500-ஐ அவர் மாட்டுத்தாவணியிலோ மாலிலோ செலவழித்திருப்பார். சேலத்திலிருந்து வந்தவரின் காசு மாவட்டத்துக்குப் புதுசு, தமிழ்நாட்டுக்குப் பழசு. மாநிலத்துக்கே புதுக் காசு என்றால் வெளிமாநிலத்தார், சுற்றுலாத் துறை அழைத்துவந்து தனி மேடையில் உட்காரவைக்கும் வெளிநாட்டார், விமானம் ஏறி ஊருக்கு வந்தவர்கள். அம்புட்டுதான்.

மாதிரிக் கணக்கைத் தொடர்வோம். திருவிழாவில் செலவான ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஊருக்குப் புதுசு 90, மாவட்டத்துக்குப் புதுசு 40, மாநிலத்துக்குப் புதுசு 10 என்று வையுங்கள். முதல் சுற்றிலேயே உள்ளே தங்குவது முறையே 30, 50, 75 சதவீதம். பெருக்கிகள் மேலே சொன்னவை. ஊருக்கு மொத்தப் பலன் சுமார் 34 ரூபாய், மாவட்டத்துக்கு 33, மாநிலத்துக்கு 19. மேடைக் கணக்கு என்ன செய்கிறது? முழு 100 ரூபாயையும் புதுக் காசு என்று எடுத்துக்கொள்கிறது. முதல் சுற்றுக் கசிவைக் கழிப்பதில்லை. அதன்மேல் மாநிலத்தின் 2.5-ஐப் பெருக்குகிறது. வருவது 250. சின்ன எல்லையிலிருந்து புதுக் காசு, பெரிய எல்லையிலிருந்து பெருக்கி என்று இரண்டு தராசில் நிறுத்தால் எடை கூடத்தான் செய்யும். நான் பார்த்தவரை மிகைக் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் உப்புகின்றன.

அட்டவணை இல்லாத ஊருக்கு அட்டவணை

சரி, கைக்கணக்கு வேண்டாம், முறையாகச் செய்வோம் என்றால் அடுத்து வருவது லியோன்டியெஃபின் உள்ளீடு-வெளியீடு அட்டவணை. ஒவ்வொரு துறையும் மற்ற துறைகளிடமிருந்து ஒரு ரூபாய் உற்பத்திக்கு எத்தனை காசுக்குச் சரக்கு வாங்குகிறது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். சர்க்கரைக்குக் கரும்பு, கரும்புக்கு உரம், உரத்துக்கு எரிவாயு என்று சங்கிலி முழுவதையும் ஒரே கணக்கில் பிடித்துவிடலாம்.

இந்தியாவுக்கு இந்த அட்டவணை உண்டு. 130 துறைகளாகப் பிரித்த 2007-08 அட்டவணையைப் பலரும் இன்னும் பயன்படுத்துகிறார்கள். அதன்பிறகு 2011-12 முதல் வழங்கல்-பயன்பாட்டு அட்டவணைகள் வெளியாகின்றன. மாவட்டத்துக்கு அப்படி ஒன்று வழக்கமாகப் போடப்படுவதில்லை. எனவே ஆய்வாளர்கள் தேசிய அட்டவணையைச் சுருக்கி மாவட்டத்துக்குப் பொருத்துகிறார்கள். தையல்காரர் அப்பாவின் சட்டையைப் பிடித்துப் பையனுக்குத் தைத்துக் கொடுக்கிற மாதிரி. எங்கே எவ்வளவு பிடிப்பது என்பதில்தான் சண்டையே.

பழைய வழி அமைவிட ஈவு. மதுரையின் மொத்த வேலைவாய்ப்பில் ஒரு துறையின் பங்கை, நாட்டு அளவில் அதே துறையின் பங்கோடு ஒப்பிடு. ஒன்றுக்கு மேல் வந்தால் அந்தச் சரக்கு மாவட்டத்திலேயே போதுமான அளவு கிடைக்கிறது, வெளியே வாங்க வேண்டாம். ஒன்றுக்குக் கீழே வந்தால் அந்த விகிதத்தில் வெட்டு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பு வரவழைக்கும். மதுரையில் பருப்பு மில் இருக்கிறது என்பதற்காக மதுரைக் கடைகளில் வெளியூர்ப் பருப்பு விற்காமலா இருக்கிறது? ஒரே சரக்கு ஒரே நாளில் ஊரை விட்டு வெளியேயும் போகும், வெளியிலிருந்து உள்ளேயும் வரும். குறுக்குப் போக்குவரத்து எனப்படும் இதை அமைவிட ஈவு கண்டுகொள்வதே இல்லை. அதனால் கசிவு குறைந்து தெரியும், பெருக்கி வீங்கும்.

இதைத் திருத்த 1995-ல் இங்கிலாந்தில் ஃப்ளெக்கும் அவருடைய சகாக்களும் ஒரு வாய்ப்பாடு கொடுத்தார்கள். பிறகு அவர்களே அதைச் செம்மைப்படுத்தினார்கள். வட்டாரம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு அதிகமாக வெளியே வாங்கும் என்பதை உள்ளே சேர்த்தார்கள். அதற்காக ஒவ்வொரு கெழுவையும் ஒரு சுருக்க எண்ணால் பெருக்குவார்கள். வட்டாரம் நாட்டில் எத்தனை பங்கோ அதோடு ஒன்றைக் கூட்டி, அடி 2-க்கு மடக்கை எடுத்து, அதை டெல்டா என்ற அடுக்குக்கு உயர்த்தினால் அந்தச் சுருக்க எண் கிடைக்கும்.

மதுரைக்குப் போட்டுப் பார்ப்போம். வேலைவாய்ப்புக்குப் பதிலாக மக்கள்தொகையை வைத்துக்கொள்கிறேன். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டம் 30.38 லட்சம், இந்தியா 121 கோடி. பங்கு கால் சதவீதம். டெல்டா 0.3 என்றால் சுருக்க எண் சுமார் 0.18. அதாவது தேசிய அட்டவணையில் 10 காசு என்று இருக்கும் இடத்தில், அமைவிட ஈவு ஒன்றாகவே இருந்தாலும், மதுரைக்குள் வாங்குவது 1.8 காசு மட்டும். டெல்டாவை 0.2 ஆக்கினால் சுருக்க எண் 0.32. ஒரு சின்ன அடுக்கைக் கொஞ்சம் அசைத்ததில் உள்ளூர்க் கொள்முதல் முக்கால் பங்கு கூடிவிட்டது. டெல்டாவை 0.3-லேயே வைத்துக்கொண்டு, இந்தியாவுக்குப் பதில் 7.21 கோடிப் பேர் இருந்த தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் 0.43.

இந்த டெல்டா எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்து, ஃபின்லாந்து மாதிரி இடங்களில் நேரடியாகத் திரட்டிய அட்டவணை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எந்த டெல்டா கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த எண் அது. ஃபின்லாந்தின் காகித ஆலைக்கும் பனிக்காட்டுக்கும் பொருந்திய அடுக்கு வாடிப்பட்டித் தாலுகாவுக்கும் பொருந்தும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. வாய்ப்பாடு மோசம் என்பதல்ல என் குறை. திசை சரி, பழைய அமைவிட ஈவைவிட எவ்வளவோ மேல். ஆனால் இதை வைத்து விடையை இரண்டு தசம இடத்துக்கு எழுதுகிறவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. 0.2-லிருந்து 0.3 வரை டெல்டாவை ஓட்டி, வரும் வீச்சை முழுசாகப் போட்டால் அது நேர்மை.

இன்னொரு சங்கடம் துறைப் பிரிவு. சர்க்கரைக்கு அட்டவணையில் தனிக் கட்டம் உண்டு. ஜல்லிக்கட்டுக்கு? ஹோட்டல், போக்குவரத்து, வியாபாரம், பிற சேவைகள் என்று பிய்த்துப் போட வேண்டும். பரிசாகக் கொடுக்கும் கார் எந்தக் கட்டத்தில் வரும்? வாகன உற்பத்தியில் போட்டால் கணக்கு அமர்க்களமாக இருக்கும். ஆனால் அந்தக் கார் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமோ வேறு மாநிலத்திலோ செய்தது. மதுரைக்கு அதில் நின்றது ஷோரூம் கமிஷன் மட்டும்.

வட ஆற்காட்டில் நேரில் போய்க் கேட்டார்கள்

தமிழ்நாட்டில் இதை நேரடியாகக் கள ஆய்வு செய்து பார்த்த முக்கியமான முன்மாதிரி ஒன்று இருக்கிறது. நம் ஆட்களே அதிகம் பேசாத ஆய்வு. அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தில் 1970-களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியைப் பற்றிக் கிராமக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். 1980-களின் தொடக்கத்தில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் வாஷிங்டனிலிருக்கும் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அதே பகுதிக்குத் திரும்பிப் போனார்கள். பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் எழுதி 1991-ல் வந்த புத்தகம் அதன் விளைவு.

அவர்கள் தேசிய அட்டவணையைச் சுருக்கவில்லை. வீடு வீடாக, கடை கடையாக, யார் யாரிடம் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு அந்த வட்டாரத்துக்கே ஒரு சமூகக் கணக்கு அணியைக் கட்டினார்கள். விவசாயத்தில் கூடுதலாக வந்த ஒவ்வொரு ரூபாய் வருமானத்துக்கும் விவசாயமல்லாத துறைகளில் 87 காசு கூடுதல் வருமானம் என்பது அவர்கள் கண்ட விடை. அதாவது 1.87. இந்த எண்ணை நான் மதிக்கிறேன். மூணு, நாலு என்று அடித்துவிடாத, கேட்டுப் பெற்ற எண்.

ஆனாலும் இதிலும் கேட்க வேண்டியது உண்டு. சாதாரண லியோன்டியெஃப் கணக்கு, கிராக்கி கூடினால் வேண்டிய அளவு உற்பத்தியும் கூடும் என்று வைத்துக்கொள்கிறது. ஹேசல் குழுவினர் இதை உணர்ந்து, விவசாய உற்பத்தியைத் தேவைக்கு ஏற்றபடி நீளாத ஒன்றாகப் பூட்டினார்கள். பெருக்கியும் குறைந்தது. அவரே ஹேக்பிளேடு, ஹேமர் இருவரோடு சேர்ந்து 1991-ல் எழுதிய ஒப்பீட்டில் விலையும் மாறட்டும் என்று அவிழ்த்துவிட்டபோது இன்னும் குறைந்தது. கட்டுப்பாடு கூடக்கூட எண் இறங்கும். வரிசை இதுதான்.

எதிர்த்தரப்பும் இருந்தது. ஆரணிச் சந்தையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ் இந்த வகை இணைப்புக் கணக்குகளை விமர்சித்தார். ஆரணி என்றதும் நமக்கு நினைவு வருவது பட்டு. அந்தப் பட்டு நெசவு பக்கத்து நெல் விவசாயியின் கையிருப்பை மட்டுமா நம்பி நிற்கிறது? கல்யாணப் புடவைக்கு வெளியூரிலிருந்து வரும் பணமும் சேர்ந்ததுதான் அதன் சந்தை. வட்டாரத்தில் நடந்த வளர்ச்சியையெல்லாம் விவசாயத்தின் கணக்கில் எழுதினால் பெருக்கி பெரிதாகத்தான் தெரியும்.

ஆலைக்குத் திரும்பினால்

இந்தப் பாடத்தோடு அலங்காநல்லூர் ஆலையைப் பார்க்கலாம். கரும்புக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிய பிறகு காத்திருக்காது. நேரம் ஆக ஆகச் சர்க்கரைச் சத்து இறங்கும், எடை குறையும். அதனால் ஆலை தன் கரும்பைப் பக்கத்திலேயே வாங்கியாக வேண்டும். ஆலைச் செலவில் பெரும்பங்கு கரும்பு விலை. ஆக, ஆலையின் முதல் சுற்றுக் காசு சுற்றுவட்டார விவசாயியின் வங்கிக் கணக்குக்கே போகிறது. எந்தச் சுருக்க வாய்ப்பாட்டுக்கும் இது தெரியாது. மதுரையின் மொத்தத்தில் சர்க்கரையின் பங்கு சின்னதென்றால் உள்ளூர்க் கரும்பையும் 0.18-ஆல் பெருக்கிவிடும். திருவிழாச் செலவை வீங்கவைக்கும் அதே முறைப்பெட்டி, ஆலையைக் குறுக்கிக் காட்டவும் கூடும்.

இதனால் ஆலைத் தரப்பு சொல்வது எல்லாம் சரி என்றாகிவிடாது. கரும்பு வெட்ட வெளி மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்தால் கூலியில் பெரும்பகுதியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத்தான் போவார்கள். குடும்பச் செலவையும் உள்ளே சேர்க்கும் இரண்டாம் வகைப் பெருக்கி, அந்தக் கூலி முழுவதும் அலங்காநல்லூர்க் கடைத்தெருவில் செலவாவதாக நினைத்துக்கொள்ளும். அடுத்தது, ஆலை நின்றதால் நிலம் தரிசாகிவிட்டது என்று பொருள் இல்லை. கரும்பு போட்ட இடத்தில் நெல்லோ வாழையோ வந்திருந்தால் இழப்பு என்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். அட்டவணை முறை அந்த மாற்றுப் பயிரைக் கண்ணெடுத்தும் பார்க்காது.

எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். கரும்பு இல்லாததால் ஆலை நின்றது என்றால், கரும்பு ஏன் இல்லை? 2016 வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. பெரியாறு-வைகைத் தண்ணீரை எண்ணிக் கரும்பு நடுகிறவர் ஒரு வறட்சியோடு யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பாக்கித் தொகை இழுத்தடித்தால் இன்னும் யோசிப்பார். ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்பது சும்மா வந்த பழமொழி அல்ல. கிராக்கி இருந்தால் கரும்பு தானாக முளைக்கும் என்று நினைக்கும் எந்த முறையும் இங்கே தோற்றுப்போகும். ஆலையின் பெருக்கியைத் தீர்மானிப்பது அட்டவணையின் கெழு இல்லை, கால்வாயில் வரும் தண்ணீர். விவசாயத்தைப் பூட்டி வைத்துக் கணக்கிட்ட ஹேசல் வழிதான் இங்கே ஓரளவு உண்மைக்குப் பக்கம்.

நடந்ததைப் பார்த்தே சொல்ல முடியாதா?

கணக்கே வேண்டாம், நடந்ததைப் பார்ப்போம் என்கிற முறையும் இருக்கிறது. மொரெட்டி 2010-ல் அமெரிக்க நகரங்களைப் பார்த்துவிட்டு, ஒரு தொழிற்சாலை வேலை கூடினால் உள்ளூர்ச் சேவைகளில் 1.6 வேலை கூடுகிறது என்றார். ஸ்வீடனில் இதே முறையைப் போட்டபோது அதைவிடக் குறைவாகவே வந்தது. விளையாட்டு அரங்கங்களைப் பற்றி நோலும் சிம்பாலிஸ்டும் 1997-ல் தொகுத்த புத்தகம், அமெரிக்காவில் வரிப்பணத்தில் கட்டிய அரங்கங்கள் சொன்ன அளவுக்கு ஊரை வளர்க்கவில்லை என்று காட்டியது. கீழக்கரை அரங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு இயற்கையாகவே ஒரு சோதனை அமைந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2015, 2016 பொங்கலுக்கு அலங்காநல்லூர் வாடிவாசல் திறக்கவில்லை. 2017 ஜனவரிப் போராட்டம், அவசரச் சட்டம், பிறகு பிப்ரவரியில் காளைகள் ஓடின. இருந்த வருஷம், இல்லாத வருஷம், மறுபடி இருந்த வருஷம். இதைவிட வசதியான ஒப்பீடு வேறு ஏது?

கிட்டப் போய்ப் பார்த்தால் வசதி கரைந்துவிடுகிறது. 2016 நவம்பர் 8-ல் பணமதிப்பிழப்பு. அதே பருவத்தில் வறட்சி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து விற்பனைக் கணக்கின் வடிவமே மாறியது. முன்னும் பின்னும் ஒப்பிட்டால் எது எதன் விளைவு என்று பிரிக்க முடியாது. சரி, ஜல்லிக்கட்டு நடக்காத பக்கத்து ஊரோடு ஒப்பிடலாமா? மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சமவெளியில் ஜல்லிக்கட்டோ மஞ்சுவிரட்டோ தொடாத ஊரைத் தேடிப் பிடிக்கணும். தடை எல்லோரையும் ஒரே நேரத்தில் அடித்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஜல்லிக்கட்டின் செலவு தை மூணாம் நாளோடு முடிவதில்லை. காளை வளர்ப்பவர் வருஷம் பூரா பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, உளுந்தம்பொட்டு, தவிடு வாங்குகிறார். டீக்கடைப் பேச்சில் ஒருவரிடம் மாட்டுக்கு மாசம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். “அதெல்லாம் கணக்குப் பாத்தா மாடு வளக்க முடியாது தம்பி” என்றார். ஊருக்குள் சுற்றும் காசில் அவருடையதுதான் நீடித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது அவருடைய விவசாய வருமானமோ வெளிநாட்டிலிருக்கும் பையன் அனுப்பிய பணமோதான். காளை இல்லாவிட்டால் வேறு எதற்கோ செலவாகியிருக்கும். பெருக்கிக் கணக்கில் இது புதுக் காசு ஆகாது. காளை வளர்ப்பின் மதிப்பே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த மதிப்பைச் சொல்லப் பெருக்கி சரியான வார்த்தை இல்லை, அவ்வளவுதான். ஒரு வழக்கத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அதைப் பொருளாதார எண்ணில் ஏற்றி நியாயப்படுத்தவே வேண்டியதில்லை. ஏற்றினால், எண் விழும் நாளில் வழக்கமும் சேர்ந்து விழும்.

எதை எங்கே பயன்படுத்துவது

என் தீர்ப்பு இப்படி. அமைவிட ஈவை மட்டும் வைத்துச் சொல்லும் எந்த மாவட்டப் பெருக்கியையும் மேல் எல்லையாக மட்டும் பார்க்கலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். ஃப்ளெக் வாய்ப்பாட்டை வீச்சோடு சொன்னால் கேட்கலாம். ஆலை மாதிரி ஒன்றிரண்டு பெரிய உள்ளீடுகளில் நிற்கும் தொழிலுக்கு அந்த இரண்டு கெழுவை மட்டுமாவது நேரில் விசாரித்து மாற்றிவிட்டு மிச்சத்துக்கு வாய்ப்பாட்டை வைக்கணும். விவசாயம் கலந்தால் தண்ணீரைப் பூட்டாத கணக்கைத் தொடவே கூடாது. திருவிழாவுக்கோ, வெளியூர்க்காரர் யார், உள்ளூர்க்காரர் யார் என்ற எண்ணிக்கை முதலில் வேண்டும். அது இல்லாமல் பெருக்கியைப் பற்றிப் பேசவே கூடாது.

அரசுச் செலவுக்கு இன்னொரு கேள்வியும் சேரும். அரங்கத்துக்குப் போன சுமார் 63 கோடி மாநில வரிப்பணம். அலங்காநல்லூருக்கு அது புதுசு, தமிழ்நாட்டுக்கு இல்லை. அதனால் அரங்கத்துக்குப் பெருக்கி இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. அதே காசு கால்வாய் பராமரிப்புக்கோ, ஆலைச் சீரமைப்புக்கோ, கரும்புப் பாக்கிக்கோ போயிருந்தால் எது அதிகம் தங்கியிருக்கும் என்று கேட்கணும். கட்டுமானத்தில் கம்பியும் சிமெண்டும் வெளியிலிருந்து வரும். கட்டி முடித்த பிறகு அரங்கம் வருஷத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மிச்சம். ஆலை ஓடினால் பல மாதம் ஓடும், ஆனால் தண்ணீர் இருந்தால்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே எல்லைக்கோட்டில் போட்ட கணக்கு ஒன்றை நான் பார்க்க விரும்புகிறேன்.

அதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. மதுரையில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது, அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி இருக்கின்றன. முதுகலை மாணவர் இருபது பேர் பொங்கல் மூணு நாளும் வாடிவாசல் வழியில் நின்று “எந்த ஊர்ல இருந்து வர்றீங்க, இன்னைக்கு எவ்வளவு செலவாச்சு, இது இல்லாட்டி எங்க போயிருப்பீங்க” என்று கேட்டால் போதும். அப்படியே கடைத்தெருவில் ஐம்பது கடையில் சரக்கு எங்கிருந்து வருது என்று எழுதிக்கொள்ளட்டும். பழைய கரும்பு விவசாயிகள் நூறு பேரிடம், இப்போ அந்த நிலத்தில் என்ன போட்டிருக்கீங்க என்று கேட்கட்டும். வட ஆற்காட்டில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் செய்ததன் சின்ன வடிவம்தான் இது. ஃபின்லாந்து டெல்டாவைவிட இந்த மூணு கேள்வித்தாள் நமக்கு அதிகம் சொல்லும்.